அரக்கு முத்திரையும் ஒரு கட்டி துணி சோப்பும்

கிருஷ்ணவேணிக்கு அறிவு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது இருப்பது பார்க்கிற எல்லாருக்கும் முதல் நிமிடத்திலேயே தெரிந்துபோகிறதே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒரே வருடம் போலீஸில் சேர்ந்தவர்கள் நாங்கள். எஸ்.ஐ. பரீட்சையை அவள் ஒரே தடவையில் தாண்டினாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். இப்போது இருவரும் வேலையை விட்டுவிட்டு, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் 'வேணி துப்பறியும் நிலையம்' நடத்துகிறோம். நடத்துகிறோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. வேணி அவள். துப்பறிவதும் அவள். பூவராகவன் என்கிற நான் வண்டி ஓட்டுகிறேன், டீ வாங்குகிறேன், அவள் எதையாவது கண்டுபிடித்தால் "அட!" என்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை போன் அடித்தது. பேசியவர் ரேணுகாம்பாள் என்ற பேராசிரியை.

"என் சிநேகிதி பெரிய சிக்கல்ல மாட்டிக்கினா. உடனே வர முடியுமாம்மா?"

போனோம்.

செவிலிமேடு போகிற சாலையில் ஒரு மஞ்சள் கட்டடம். வாசலில் 'மாநில மொழி வரலாறு பண்பாட்டு ஆய்வு நல்கைக் குழு' என்று மூச்சு வாங்க வைக்கிற பலகை. கல்வெட்டு படிக்கிறவர், பழைய பாட்டு சேகரிக்கிறவர், தத்துவம் எழுதுகிறவர் என்று வீட்டில் திட்டு வாங்குகிற அத்தனை பேருக்கும் அரசாங்கப் பணம் கொடுக்கிற இடம் அது. அதன் தலைவர் கையெழுத்துப் போட்டால் ஒரு புத்தகம் பிறக்கும். போடாவிட்டால் ஒரு பேராசிரியர் வாழ்நாள் முழுக்கப் புலம்புவார். அப்பேர்ப்பட்ட நாற்காலி. தமிழ்நாட்டில் படித்தவர்கள் பாதிப்பேருக்கு அதன்மேல் கண்.

ரேணுகாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாம்பழ நிறப் பட்டு, நெற்றியில் பளிச்சென்று விபூதி, கையில் கார் சாவி.

"வாம்மா. என் சிநேகிதி பேரு ஷாரோன். ஹாஸ்டல்லேர்ந்து ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நாங்க. இந்தக் குழுவுக்கு அவளத்தான் தலைவராப் போட்டிருக்காங்க. இன்னிக்குப் பதவி ஏத்துக்கணும். இந்த வேலைக்கு அவள வுட்டா ஆளே கிடையாது. தங்கமான பொண்ணு. அவ அறிவு யாருக்கு வரும்?"

"இன்னா சிக்கல்?" என்றாள் வேணி.

"உள்ள வந்து பாரு. எனக்குச் சொல்லவே வாய் வரல."

வாய் வரவில்லை என்றவர் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் ஷாரோனை இன்னும் இரண்டு தடவை புகழ்ந்துவிட்டார். அவள் பாடம் நடத்தினால் நாள் முழுக்கக் கேட்கலாமாம். அவள் ஆங்கிலம் எழுதினால் வெள்ளைக்காரனே அசந்துபோவானாம். எனக்கு ஏனோ மூக்கு அரித்தது.

மாடியில் தலைவர் அறை. நடுவில் பெரிய மேஜை, அதற்குப் பின்னால் அந்த நாற்காலி. யாரும் அதில் உட்காரவில்லை. மூன்று பேர் அதைச் சுற்றி இருந்தார்கள்.

ஜன்னலோரம் கைக்குட்டையைக் கசக்கியபடி நின்ற ஒல்லியான பெண்மணி ஷாரோன். சோபாவில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு எழுந்தும் எழாமலும் தவித்த கண்ணாடிக்காரர், சென்னைக் கோட்டையிலிருந்து வந்த அதிகாரி. நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அது ஓடிவிடாமல் காவல் காக்கிறவர்போல நின்ற பருத்த மனிதர் மாணிக்கவேல். மூன்று வருடமாக இந்த இடத்துக்குப் 'பொறுப்பு'த் தலைவர். கதவிலிருந்த அவருடைய பெயர்ப் பலகையில் 'மாணிக்கவேல்' பெரிதாகவும் 'தலைவர்' அதைவிடப் பெரிதாகவும் இருந்தன. 'பொறுப்பு' என்ற சொல்லைப் படிக்கக் குனிய வேண்டும்.

"துப்பறியறவங்க எதுக்கு?" என்றார் மாணிக்கவேல். "இதுல துப்பறிய இன்னா இருக்குது? ஷாரோனம்மா ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா சோப்ப வச்சி சீல் போட்டிருக்காங்க. எல்லாரும் பாத்தோம்."

"சோப்பா?" என்றேன்.

அதிகாரி மேஜையைக் காட்டினார். ஒரு சின்ன இரும்புப் பெட்டி, மூடி திறந்திருந்தது. உள்ளே வெள்ளைத் துணி. துணிக்குள் நீலநிறத் துணி சோப்பு, முழுக் கட்டி.

"நல்லா நுரை வரும் இது," என்றேன். வேணி என் காலை மிதித்தாள்.

அதிகாரி விஷயத்தைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் ஷாரோன் கல்லூரி ஆசிரியையாக இருந்தபோது இதே குழுவிடம் நல்கை வாங்கி, ஐயம்பேட்டை நெசவாளர் வீட்டுப் பெண்கள் பாடுகிற ஒப்பாரிப் பாட்டுகளைப் பதிவு செய்து, புத்தகமும் போட்டார். அவரைத் தலைவராக அறிவித்ததும் கோட்டைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. பதிவே நடக்கவில்லை, புத்தகத்தில் இருப்பது கற்பனை, பணத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்று. அதிகாரி போனில் கேட்க, ஷாரோன் வெள்ளிக்கிழமை பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்தார். அவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்க்காமலே இந்தப் பெட்டியில் வைத்து, எல்லார் முன்னிலையிலும் நூலால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி, குழுவின் முத்திரையைக் குத்தி, இந்த அறையிலேயே வைத்தார்கள். இன்று காலை அதிகாரி வந்து திறந்தார்.

"திறக்கறதுக்கு முந்தி வீடியோ எடுத்திருக்கேன்," என்றார். "அரக்குல ஒரு கீறல் இல்ல. நூல்ல வேற முடிச்சு இல்ல. நானேதான் அரக்க உடைச்சேன். இன்னும் ஒரு மணி நேரத்துல செயலர் வர்றார். அதுக்குள்ள டிஸ்க் வரலேன்னா நியமனம் ரத்து. மோசடின்னு வழக்கும் வரும்."

"ரத்துன்னா யாரு தலைவரு?" என்றாள் வேணி.

"இப்போதைக்கு... சார்தான் தொடருவாரு."

மாணிக்கவேல் அந்தரத்தைப் பார்த்தார். முகத்தில் துக்கம் காட்டத்தான் முயன்றார், பாவம், வரவில்லை.

"ஏம்மா, இதுக்குக் காப்பி கீப்பி இல்லையா?" என்று ஷாரோனைக் கேட்டேன். "இந்தக் காலத்துல கல்யாண போட்டோவையே பத்து எடத்துல வச்சிருக்கான்."

ஷாரோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் சாவுப் பாட்டு சார். பாடுனவங்க, ரேணுவோட தெருக்காரங்க, ஒரு கண்டிஷன் போட்டாங்க. ஒரே ஒரு பிரதிதான் இருக்கணும், அதுவும் யார் வீட்டுலயும் இருக்கக் கூடாது, சும்மா கிடக்கிற வீட்டுல ஒப்பாரி இருந்தா சாவு வரும்னு. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். இத்தன நாளும் காலேஜ் லாக்கர்ல இருந்துது. நான் பணத்தத் தின்னேன்னு சொன்னாக் கூடப் பரவால்ல. அதுல பாடுன பாதிப்பேரு இப்ப உயிரோட இல்ல. அந்தக் குரலு போயிடுச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"அழுவாதடி," என்று ரேணுகாம்பாள் அவர் தோளை அணைத்துக்கொண்டார். "உன்ன மாதிரி நேர்மையான ஆள இந்த ஊரு பாத்ததில்ல."

ஆறாவது புகழ்ச்சி. நான் எண்ணவில்லை, மூக்குதான் எண்ணிக்கொண்டிருந்தது.

வேணி மேஜையருகே போனாள். எல்லாரும் உடைந்த அரக்குத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. பக்கத்தில் சுருண்டு கிடந்த நூலை எடுத்தாள். சிவப்புப் பட்டு நூல். மற்ற ஊர்களில் சணல் கட்டுவார்கள். இந்த ஊர் அலுவலகத்துக்கு அந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி?

நூலை இரண்டு கையிலும் பிடித்து, யாரும் கவனிக்காதபடி இலேசாக இழுத்தாள். நடுவில் அது சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்து வந்தது. அறுந்துபோகவில்லை, வழுக்கிக்கொண்டு பிரிந்தது. அவள் விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. உள்ளங்கைக்குள் எல்லாவற்றையும் மூடிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்த ரூமுக்குள்ள யார் யார் வந்தாங்க?"

"நான் வந்தேன், என் ரூம் இது," என்றார் மாணிக்கவேல். "ஆபீஸ் உதவியாளர் ஜெயம்மா கூட்டறதுக்கு வந்துச்சு. வேற யாரும் இல்ல."

"நான் சனிக்கிழம வந்தேன்," என்றார் ரேணுகாம்பாள், தயங்காமல். "ஷாரோனுக்குப் புது ஜன்னல் துணி மாட்டி, புத்தகம் அடுக்கி வச்சேன். ஜெயம்மாதான் கதவு தொறந்து வுட்டுது."

"ரேணுவையெல்லாம் கணக்குல சேக்காதீங்க," என்றார் ஷாரோன். "அவ இல்லேன்னா நான் இன்னிக்கு உசுரோடயே நிக்க மாட்டேன்."

"முத்திரையும் அரக்கும் எங்க இருக்கும்?"

"என் டிராயர்ல. பூட்டியிருக்கும்," என்றார் மாணிக்கவேல். "ஒரு சாவி என்கிட்ட. இன்னொண்ணு ஜெயம்மாகிட்ட. தெனம் தபால் சீல் வக்கிறது அதுதான். நேத்து ராத்திரி வரைக்கும் யாரும் தொடல."

"சரி. ரெண்டு நிமிஷம்," என்று வேணி என் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துவந்தாள்.

"பூவு, இதப் பாரு." உள்ளங்கையைத் திறந்தாள். "நூல முடிச்சுகிட்ட தொடல. பின்பக்கமா வெட்டி, பெட்டியத் தொறந்து, மாத்தி வச்சி, திரும்ப ஒட்டியிருக்காங்க. முடிச்சே போடாம. எப்படி?"

எனக்குத் தெரிந்திருந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? தறியில் நீளவாட்டில் ஓடுகிற பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்க்க வேண்டும். முடிச்சுப் போட்டால் இழை நுழைகிற அச்சில் சிக்கும். அதனால் கொஞ்சம் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து விரலால் ஓர் உருட்டு. பாவு பிணைக்கிறது என்பார்கள். பெரும்பாலும் பெண்கள் வேலை.

"பிணைச்சிருக்குது," என்றேன்.

"பரவால்லியே!"

எனக்குள் ஒரு மலர்ச்சி. இரண்டு நொடிதான்.

"அப்ப ஜெயம்மா," என்றேன் வேகமாக. "தறிக்காரங்க வீடு. எங்க தெருவுக்குப் பின்தெரு. வூட்டுல இன்னும் பிணைக்குது. மாணிக்கவேலு நாலு நோட்டக் காட்டியிருப்பான். வா, புடிச்சி உக்கார வைப்போம்."

"நில்லு. ஜெயம்மாகிட்ட டிராயர் சாவி இருக்குது. முத்திர இருக்குது. அரக்கு இருக்குது. தெனம் சீல் வக்கிற கை. டிஸ்க்க எடுக்கணும்னா இன்னா பண்ணியிருக்கும்?"

யோசித்தேன். "அரக்க ஒடச்சி, எடுத்துட்டு... புது நூல் கட்டி, புது அரக்கு ஊத்தி..."

"அதே முத்திரையக் குத்திடும். அஞ்சு நிமிஷ வேல. மாணிக்கவேலுக்கும் அதே கததான். அவங்க ரெண்டு பேருக்கும் நூலப் பிணைக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல. இவ்ளோ நெளிஞ்சு வேல செஞ்ச ஆளுக்கு முத்திர கையில இல்ல."

அட! வாய்வரை வந்ததை மென்று விழுங்கினேன். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அதே ஊர், அதே தண்ணீர், அதே நூல். மூளை மட்டும் அவளுக்கு.

"ஒருவேள மாணிக்கவேலு நம்மளக் கொழப்பறதுக்காக..." என்று இழுத்தேன்.

இருவரும் கதவு வழியாக எட்டிப் பார்த்தோம். மாணிக்கவேல் மூக்குக் கண்ணாடியைத் தேடி மேஜை மேலிருந்த காகிதங்களைக் கலைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது.

"இல்ல," என்றோம் ஒரே குரலில்.

"மிச்சம் ஒருத்தர்தான்," என்றாள் வேணி. "ஆனா மனசு ஒத்துக்கல பூவு. நம்மளக் கூப்பிட்டதே அந்தம்மாதான். அந்தப் பொண்ணு மேல அவ்ளோ பிரியம். வாயத் தொறந்தாப் புகழ்ச்சி."

"அதான் எனக்குக் காலையிலயே சந்தேகம்."

"இன்னா சந்தேகம்?"

"ஒருத்தர மனசாரப் புடிச்சா எதுக்கு அத்தன வாட்டி சொல்லணும்? ஷாரோனம்மா அந்தம்மாவப் பத்தி ஒரு வாட்டி சொல்லிச்சு, அதுவும் அழுதுக்கினே. அந்தம்மா ஆறு வாட்டி சொல்லிட்டாங்க. உள்ள எரியும்போது வாய் சும்மா இருக்காது வேணி. யாரும் கண்டுபுடிச்சிடக் கூடாதுன்னு புகழ்ந்துக்கினே இருக்கும். எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நீ கூட என்ன நெறைய புகழுவியே பூவு," என்றாள்.

"வா வா, நேரமாவுது," என்றேன்.

ஊகம் இருக்கிறது, சாட்சி இல்லை. பிணைக்கத் தெரிந்தவர்கள் ஐயம்பேட்டையில் வீட்டுக்கு நாலு பேர். ஆனால் ஐந்து பட்டம் வாங்கி, கார் ஓட்டி, ஆங்கிலத்தில் கட்டுரை வாசிக்கிற ரேணுகாம்பாளுக்கு அந்தக் கைப்பழக்கம் இன்னும் இருக்கிறதா? கேட்டால் இல்லை என்பார்.

வேணி கேட்கவில்லை. உள்ளே போனதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"மன்னிக்கணும் மேடம். ஒண்ணும் புடிபடல. அரக்கு ஒடையல, நூல் அறுவல. நாங்க கெளம்பறோம்."

ஷாரோன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாணிக்கவேல் நாற்காலி முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் ரேணுகாம்பாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிட்டுப் போனது. கண்ணாடி முன்னால் நின்று நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

"போறதுக்கு முந்தி இந்த மாலைய எடுத்து ஓரமா வச்சிடறேன்," என்று வேணி அலமாரி மேலிருந்த பட்டுநூல் மாலையை எடுத்தாள். அது செயலர் கையால் புதுத் தலைவருக்குப் போடுவதற்காக வாங்கி வைத்தது. அவள் சாவிக்கொத்தில் நகம் வெட்டுகிற குட்டிக் கத்தி ஒன்று உண்டு. முதுகுப்பக்கம் அது என்ன செய்தது என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

"ஐயையோ!"

மாலை இரண்டாகத் தொங்கியது.

"இன்னாம்மா நீ!" என்று பதறினார் அதிகாரி. "செயலர் வந்துக்கினே இருக்கார். யாருக்குப் போட்டாலும் மாலை வேணுமே. இப்ப எங்க போயி வாங்கறது?"

"முடிச்சுப் போட்டுடலாம் சார்," என்று வேணி நூலை எடுத்துக் கன்னாபின்னாவென்று ஒரு முடிச்சுப் போடப் போனாள். பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

"சீ, இன்னா கை இது! பட்டு நூல்ல யாராச்சும் முடிச்சுப் போடுவாங்களா? குடு இங்க," என்று ரேணுகாம்பாள் மாலையைப் பிடுங்கிக்கொண்டார்.

இரண்டு நுனிகளையும் இடது கையில் சேர்த்துப் பிடித்தார். வலது கை ஆள்காட்டி விரல் தானாக நெற்றிக்குப் போனது. விபூதியைத் தொட்டது. திரும்பி வந்து இரண்டு நுனிகளுக்கும் நடுவில் ஓர் உருட்டு. அவர் கண் மாலையில்கூட இல்லை, கதவுப்பக்கம் இருந்தது.

"இந்தா. ஆச்சு."

அறுந்த இடம் எதுவென்று தெரியவில்லை. வேணி மாலையை வாங்கி மேஜையில் வைத்தாள். அதன் பக்கத்தில், பெட்டியைக் கட்டியிருந்து ஏற்கெனவே இரண்டாகிவிட்ட சிவப்பு நூலை வைத்தாள். மாலையை மெல்ல இழுத்தாள். அதுவும் அந்த நூலைப் போலவே வழுக்கிப் பிரிந்தது. இரண்டின் நுனியிலும் ஒரே சாம்பல்.

"மோந்து பாருங்க சார்," என்றாள் அதிகாரியிடம்.

அவர் குனிந்தார். "மல்லி வாசன வருது."

"வாசன விபூதி. பெட்டி நூல்லயும் அதேதான்."

ஷாரோன் ஒன்றும் புரியாமல் தரையிலிருந்து எழுந்தார்.

ரேணுகாம்பாள் சிரித்தார். நல்ல தைரியமான சிரிப்பு. "தறிக்காரங்க வூட்டுல பொறந்த பொம்பளைங்க எல்லாருக்கும் இது வரும். கோயிலுக்குப் போற எல்லார் நெத்தியிலும் விபூதி இருக்குது. ஊரையே புடிச்சி உள்ள வைப்பியா?"

"ஊரு இந்த ரூமுக்குள்ள வரல மேடம். மூணு பேருதான் வந்தாங்க. அதுல ரெண்டு பேருகிட்ட முத்திர இருந்துது. அவங்க அரக்க ஒடச்சிட்டு மறுபடி ஊத்தியிருப்பாங்க. முத்திர இல்லாத ஒருத்தருக்குத்தான் நூலப் பிணைக்க வேண்டி வந்துது."

"நீயா கத கட்டாத. டிஸ்க் எங்க? எடுத்துக் காட்டு பாப்போம்! என் வூட்டுக்கு வா, மூலமூலையாத் தேடிக்க!"

வேணி முதல் தடவையாகத் தடுமாறியதைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் இனித்தது, மறைப்பானேன்! அவள் காதருகே போய் மெதுவாகச் சொன்னேன்: "வூட்டுல இருக்காது. சாவுப் பாட்டு. அந்தம்மா எடுத்துக்கினு போவ பயந்திருப்பாங்க. கார்ல பாரு."

வேணி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கணீரென்று சொன்னாள்.

"உங்க வூட்டுல தேட மாட்டேன் மேடம். அது ஒப்பாரி. வீட்டுக்குள்ள இருந்தா சாவு வரும்னு நம்பற தெருவுல பொறந்தவங்க நீங்க. எத்தன படிச்சாலும் வாசப்படி தாண்டி எடுத்துக்கினு போவ மனசு வந்திருக்காது. கார் சாவியக் குடுங்க."

"பிரமாதம்!" என்றார் அதிகாரி. வேணியைப் பார்த்து!

என் வயிறு கொதித்த கொதிப்பில் ஒரு தவலை அரிசி வெந்திருக்கும்.

ரேணுகாம்பாள் சாவியை இறுக்கிப் பிடித்தபடியே நின்றார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, அதை என் கையில் வைத்தார். நான் கீழே ஓடினேன். காரின் பின்பெட்டியில், ஸ்டெப்னி டயருக்குள் ஒரு பொட்டலம். மேலே ஒரு கொத்து வேப்பிலை, காய்ந்துகூடப் போகவில்லை. திருடிய பொருளுக்குத் தினமும் புது வேப்பிலை மாற்றியிருக்கிறார் மகராசி.

நான் மேலே வந்தபோது மாணிக்கவேல் நாற்காலியை விட்டுத் தள்ளி நின்றிருந்தார். அதிகாரி தன் மடிக்கணினியில் டிஸ்கைச் செருகினார். ஒரு பெண் குரல் எழுந்தது. இறந்துபோன மகனை விளித்து, மூச்சு உடைய உடைய ஒரு பாட்டு. ஷாரோன் பாய்ந்து அதை நிறுத்தினார்.

"இருக்குது," என்றார். "எல்லாம் இருக்குது."

பிறகுதான் தோழியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் ரேணு?"

ரேணுகாம்பாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "மொட்டக் கடுதாசியும் நான்தான். தெரிஞ்சுக்கோ."

"ஏன்டி?"

"இப்ப பாடுச்சே, அது யாரு குரலு? என் அத்த. என் தெரு, என் அத்த, எங்க வூட்டுச் சாவு. நான் கையப் புடிச்சி இட்டுக்கினு போயி ஒவ்வொரு வாசல்லயும் உன்ன நிறுத்துனேன். இவ நல்லவ, இவகிட்ட பாடுங்கன்னு. புஸ்தகம் உன் பேருல வந்துது. சரின்னு கைதட்டுனேன். விருது குடுத்தாங்க. அதுக்கும் நான்தான் மொத வரிசையில உக்காந்து கைதட்டுனேன். இந்தப் பதவிக்கு நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். உனக்குத் தெரியாது. சொல்லல. நேர்காணல்ல அவங்க என்னக் கேட்ட கேள்வி இன்னான்னு தெரியுமா? ஷாரோன் எப்படிப்பட்டவங்கன்னு கேட்டாங்க. என்னப் பத்தி ஒரு கேள்வி இல்ல."

மாணிக்கவேலைக் கையால் காட்டினார்.

"இந்த மாணிக்கவேலுக்குக் கெடச்சிருந்தா சிரிச்சிக்கினே மாலை போட்டிருப்பேன். வேற எவனுக்குக் கெடச்சிருந்தாலும் தூங்கியிருப்பேன். உனக்குக் கெடச்சுது பாரு, அதான் எனக்குத் தாங்கல."

"அப்ப எங்களை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?" என்று நான் கேட்டுவிட்டேன். அடக்க முடியவில்லை.

"இவ அழுதுக்கினே யாரையாச்சும் கூப்பிடுன்னா. கூப்பிடாம இருந்தா சந்தேகம் வரும். இந்த ஊர்ல துப்பறியறவங்கள்ல யாரு மட்டம்னு விசாரிச்சேன். உங்க பேரச் சொன்னாங்க."

வேணி இருமினாள். நான் வேப்பிலையைப் பார்த்தேன்.

வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம். செயலர் வந்துவிட்டார். அதிகாரி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பினார். "போலீசுக்குச் சொல்லலாமா மேடம்? நீங்க சொல்றதுதான்."

ஷாரோன் அவரைத் தாண்டிப் போனார். ரேணுகாம்பாளுக்கு அருகே நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது.

"நீ கேட்டிருக்கலாமே ரேணு. எனக்கு வேணாம், இவளுக்குக் குடுங்கன்னு நானே எழுதிக் குடுத்திருப்பேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ குடுத்துடுவ. எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல."

ஷாரோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாணிக்கவேல்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். வேணி என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தங்கள் ஏறி வந்தன.

"போலீஸ் வேணாம் சார்," என்றார் ஷாரோன் கடைசியில். "ரேணு, நீ பின்பக்கப் படி வழியாப் போயிடு. இனிமே என் வூட்டுக்கு வராத. போன் பண்ணாத."

ரேணுகாம்பாள் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கதவுவரை போனார். போயிருக்கலாம். நின்றார். மானம் போய், சிநேகிதி போய், நாளைக்கு ஊரில் தலைநிமிர முடியாது என்று தெரிந்தும் நின்றார். அவர் கண் ஷாரோனைத் தாண்டி அந்த மேஜைக்குப் பின்னால் போயிருந்தது.

"அப்ப... நீ அந்த நாற்காலியில உக்காரத்தான் போறியா?"

"ஆமா ரேணு," என்றார் ஷாரோன். "உக்காரப் போறேன்."